மத நல்லிணக்கம்: பேர்ண் நகரம் எம்முன் வைக்கும் கேள்வி

சுவிற்சர்லாந்தின் நாடாளுமன்றம் அமைந்துள்ள பேர்ண் நகரின் மேற்குப் பகுதியில், 2014 டிசெம்பர் மாதம் ‘சமயங்களின் இல்லம்’ திறந்துவைக்கப்பட்டது. சைவத் திருக்கோயில், பள்ளிவாசல், கிறிஸ்தவ தேவாலயம், பௌத்த நிலையம், அலெவி மக்களின் வழிபாட்டு மண்டபம் என ஐந்து வழிபாட்டிடங்கள் அங்கே ஒரே கட்டடத்தினுள் அமைந்துள்ளன. யூதரும் பஹாய் சமயத்தவரும் சீக்கியரும் தமக்கெனத் தனியிடம் இன்றியே இல்லத்தின் பணிகளில் பங்கேற்கின்றனர். அங்குள்ள சைவக் கோயில் எம்மவருடையது. வழிபாடு தமிழிலேயே நடைபெறுகின்றது. பெண்களும் பூசை ஆற்றுகின்றனர்.

இவ்வில்லத்துக்கான சங்கம் 2002ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. கட்டடம் எழுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில், 2009 நவம்பர் 29ஆம் நாள், பள்ளிவாசல்களில் மினாராக்கள் எழுப்புவதைத் தடைசெய்ய சுவிஸ் மக்கள் 57.5 சதவீத வாக்குகளால் தீர்மானித்தனர். அன்று அந்நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கு மட்டுமே! இது எமக்கு எதிரானதன்று என எம்மவர் சிலர் அன்று ஆறுதல் கொண்டனர். மினாராவுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தூரம் அவர்கள் எண்ணியதைவிடக் குறைவு என்பதே எமது கருத்து.

ஒரே கட்டடத்தில் திருவிழா மேளமும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும் ஞாயிறு ஆராதனையும் இடம்பெற வேண்டுமாயின், நேரம், ஓசை, புகை, காலணி, சமையலறை என ஒவ்வொன்றையும் பேசியே தீர்க்க வேண்டும். அங்கே உரையாடல் என்பது ஆண்டுக்கொரு முறை மேடையில் குத்துவிளக்கேற்றிக் கைகுலுக்கிக்கொள்ளும் சடங்கு அன்று. அயலவரோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்வோர் தவிர்க்கவியலாத அன்றாட வேலை அது.

எம்மிடையே ‘எம்மதமும் சம்மதம்’ என்று சொல்லாத பெற்றோர் இல்லை. நல்ல சொல்தான். ஆனால் அச்சொல் பெரும்பாலும் பேச்சை முடித்துவைக்கவே பயன்படுகின்றது. பிற மதத்தைப் பற்றிப் பிள்ளை ஏதேனும் கேட்டால், “எல்லாம் ஒன்றுதான், தம்பி” என்று கூறி அனுப்பிவிடுகின்றோம். எல்லாம் ஒன்றல்ல என்பது வகுப்பறையில் துருக்கிய மாணவனுக்கும் கத்தோலிக்க மாணவிக்கும் அருகே அமர்ந்திருக்கும் அப்பிள்ளைக்குத் தெரியும். “உங்கள் சமயத்தைப் பற்றிச் சொல்” என ஆசிரியர் கேட்கும்போது, திருநீறு எதற்காக அணிகின்றோம் என்பதைக்கூட விளக்கவியலாமல் தலைகுனிந்து நிற்பதும் அதே பிள்ளைதான். தன் சமயத்தை அறியாதவர் பிறர் சமயத்தோடு எதைப் பேசுவார்?

எமது மக்களிடம் இதற்கான முதலீடு இல்லாமலில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்த சைவத் தாய்மார், ஜேர்மனியின் கேவலார் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் நிகழும் தமிழர் யாத்திரையிலும் கத்தோலிக்கரோடு சேர்ந்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அதைக் கண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் வியப்பதுண்டு. எமக்கு அதில் வியப்பேதும் இல்லை. எனினும், அடுத்த தலைமுறைக்கு மெழுகுதிரி மட்டும் போதாது. பல தமிழ்ப் பாடசாலைகளில் சைவமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. மணி அடித்ததும் பிள்ளைகள் இரு அறைகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். ஆண்டில் ஒரு நாளாவது அறைகளை மாற்றி அமரச் செய்தால் என்ன? பெரிய செலவொன்றும் இல்லை.

இனி, நாம் பேசத் தயங்கும் பகுதிக்கு வருவோம். துருக்கிய முஸ்லிமோடும் திபெத்தியப் பௌத்தரோடும் அமர்ந்து பேசுவது எமக்கு எளிது. அவர்களுக்கும் எமக்கும் பழைய கணக்கு இல்லை. எம் மொழியையே பேசும் முஸ்லிம்களோடு கணக்கு உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில், வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குச் சில மணி நேரமே அவகாசம் அளிக்கப்பட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பின் பிறந்த எம் பிள்ளைகளிடம் நாம் இதைச் சொல்லியிருக்கின்றோமா? 1983ஐச் சொல்கின்றோம், 2009ஐச் சொல்கின்றோம், சொல்லவே வேண்டும். புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த யாழ்ப்பாணத்தவரைப் பற்றி மட்டும் மௌனம் காக்கின்றோம்.

2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் எம் குழந்தைகளும் பலியாகினர். அதன்பின் எமது கைப்பேசிகளில் ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கும் செய்திகள் வலம் வந்தன. அவற்றைப் பகிர்ந்தோரில் படித்த பெற்றோரும் இருந்தனர். ஒரு சிலரின் செயலுக்காக ஓர் இனம் முழுவதும் தண்டிக்கப்படுவது எத்தகையது என்பதை எம்மைவிட அறிந்தோர் யார்?

மற்றொன்றும் உண்டு. ‘இஸ்லாமியத் தமிழர்’ என அன்போடு அழைக்கின்றோம். இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்வதில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரைத் தமிழரே என வாதிட்டபோதும், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்து நூல் வெளியிட்டார். தாம் யார் என்பதை அவர்களே சொல்லட்டும். நாம் கேட்போம், ஏற்கவியலாவிடின் காரணத்தையும் சொல்வோம். எம் அடையாளத்தைப் பிறர் வரையறுக்க முயன்றபோது நாம் கேட்டதும் இவ்வளவே.

வடக்கு முஸ்லிம்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் இறுதியில் தமது வெளியேற்றத்தை நினைவுகூர்கின்றனர். ஐரோப்பிய நகரங்களிலும் கனடாவிலும் அவர்களுட் சிலர் எமக்கு அயலவராகவே வாழ்கின்றனர். இவ்வாண்டு அந்நாட்களில், தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் முன் வந்து தம் ஊரைப் பற்றிப் பேசுமாறு அவர்களுள் ஒருவரை அழைக்கலாம். மாணவர் கேட்க விரும்பும் கேள்விகளைப் பெற்றோர் திருத்தாமல் விடவேண்டும். அழைக்கப்பட்டவர் வர மறுக்கவும் கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அவரைக் கேட்டதில்லை. அடுத்த ஆண்டும் அழைப்பு அனுப்ப வேண்டியிருக்கும்.