மெயில் பெட்டியின் அளவு பதவிக்கா, வேலைக்கா?

பல அலுவலகங்களில் மெயில் பெட்டிக்கு இடம் ஒதுக்கும்போது பதவியைத்தான் பார்க்கிறார்கள். மேலாளருக்குப் பெரிய பெட்டி, குமாஸ்தாவுக்குச் சின்னப் பெட்டி. வேலையைப் பார்த்து ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறி, சாத்தமில் இறங்கி, போர்ட் பிளேரில் ஒரு சரக்கு அலுவலகத்தின் தபால் மேசையைக் கவனிப்பவள் நான். ஊரின் அரசுப் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

சென்னை வியாபாரி அனுப்பும் இன்வாய்ஸ், சரக்குப் பட்டியல், இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாம் ஸ்கேன் ஆகி முதலில் என் பெட்டிக்குத்தான் வரும். மேலே போக வேண்டியதை மட்டும் நான் பிரித்து அனுப்புவேன். மேலாளரின் பெட்டி பாதிகூட நிறைவதில்லை. என்னுடையது மாதக் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

பெட்டி நிறைந்தால் நடப்பது பலருக்குத் தெரியாது. வருகிற மெயிலை சர்வர் வாங்காமல் திருப்பிவிடும். பெட்டி நிறைந்துவிட்டது என்ற குறிப்பு, பெரும்பாலும் 5.2.2 என்ற எண்ணோடு, அனுப்பியவருக்குப் போகும். பெற வேண்டியவருக்கு ஒரு தகவலும் வராது. இன்று வேலை குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருப்போம். "அக்கா, இன்வாய்ஸ் ரெண்டு தடவை திரும்பி வந்துருச்சு, கப்பல் கிளம்பிருச்சே" என்று சென்னையிலிருந்து போன் வந்த பிறகுதான் விஷயம் புரியும். கப்பல் மூன்று நாளில் வந்துவிடும். காகிதம் வராவிட்டால் சரக்கு ஜெட்டியிலேயே கிடக்கும். அதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருந்தால் இந்த ஈரக் காற்றில் என்ன ஆகும் என்று கடைக்காரர்களைக் கேளுங்கள்.

அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணைப்பாகப் போகும் கோப்பு மெயிலில் ஏறும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பெட்டியிலும் அது இடம் பிடிக்கும். அனுப்பியவர் பெட்டியில் ஒரு நகல், பேக்கப்பில் மறுபடியும் நகல். செலவு செய்கிறவர்கள் கணக்குப் பார்ப்பது நியாயம்தான். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி தருவதாக அறிவித்தபோது, மற்றவர்கள் சில எம்பி மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்ததால், முட்டாள்தினக் கதை என்றே பலர் நினைத்தார்கள். அதே கூகுள் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த அளவில்லாத இடத்தை முடித்துக்கொள்வதாக 2021-இல் சொல்லிவிட்டது. அளவில்லாமல் கிடைத்ததும் ஒருநாள் அளவுக்குள் வந்துவிடுகிறது.

தீவில் எங்களுக்கு முன்பு வேறு கஷ்டம். சாட்டிலைட் இணைப்பில் மெயிலை இறக்குவதே பெரும்பாடு. எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் அவுட்லுக்கில் இறக்கி, சர்வரில் அழித்துவிடுவோம். பழைய அவுட்லுக்கின் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் கெட்டுவிடும். அப்புறம் எந்தக் கடிதமும் எளிதில் கைக்கு வராது. சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து, 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். அதன் பின் வேகம் கூடியது, அனுப்பப்படும் கோப்புகளும் கனத்தன. பெட்டியின் அளவை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அழிப்பது பற்றியது. "இடமில்லை, பழையதை அழியுங்கள்" என்று மேலிருந்து வரும். அவசரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை அழிப்பார்கள். மேலே இருப்பவை எவை? கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஸ்கேன் செய்த ஒப்பந்தம், சேதமான சரக்கின் போட்டோ, இன்ஷூரன்ஸ் கோரிக்கை. "நன்றி சார்", "பார்த்தேன்" என்ற ஒற்றை வரி மெயில்கள் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருக்கும்.

அரசு அலுவலகத்தில் இது இன்னும் கனமான விஷயம். 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் கம்ப்யூட்டரில் உருவானதையும் ஆவணம் என்றே சொல்கிறது. விதிப்படி அல்லாமல் அதை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. அரசு வேலைக்கு அரசு மெயிலையே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மெயில் கொள்கையே சொன்னது. பெட்டி சிறுத்தால் ஊழியர் சொந்த மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விடுவார். நாளை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் அந்தக் கடிதத்தைக் கேட்டால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில் கணக்குகள் ஜோஹோ தளத்துக்கு மாறியதாக 2025-இல் செய்தி வந்தது. யாருக்கு எவ்வளவு இடம் என்று புதிதாக யோசிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

நான் கேட்பவை எளியவை. என்னுடையதைப் போல எல்லாம் முதலில் வந்து சேரும் அலுவலகப் பொதுப் பெட்டிக்குத்தான் அதிக இடம் வேண்டும். எண்பது சதவீதம் நிறைந்ததும் பெட்டிக்காரருக்கும் சிஸ்டம் பார்ப்பவருக்கும் சேர்த்தே எச்சரிக்கை வர வேண்டும். நிறைந்த பிறகும் வருவதைத் தடுக்கக் கூடாது. அனுப்புவதை மட்டும் நிறுத்தட்டும். அனுப்ப முடியாவிட்டால் அன்றே தெரிந்துவிடும், அன்றே சரிசெய்வோம். இப்படித் தனித்தனியாகத் தடை வைக்கும் வசதி எக்ஸ்சேஞ்ச் போன்ற சர்வர்களில் நெடுங்காலமாக இருக்கிறது. பழைய மெயில்களுக்குத் தனிக் காப்பகம் ஒன்று வேண்டும். அது இல்லாமல் யாரையும் அழிக்கச் சொல்லக் கூடாது. சாதாரணக் கடிதத்தைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யும்படி மெஷினை ஒரு முறை மாற்றி வைத்தாலே பாதிப் பாரம் குறையும்.

எந்தப் பெட்டிக்கு எவ்வளவு வருகிறது என்ற பட்டியல் சிஸ்டம் பார்ப்பவரின் திரையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான பணம் கட்டும் முன், மேலாளர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு இடத்தைப் பிரிக்கட்டும்.