புதுக் காரின் பளபளப்பும் கும்மிடிப்பூண்டித் தூசியும்



புதிதாகக் கார் வாங்குகிறவர்கள் அதைச் சபை வளாகத்துக்குக் கொண்டுவந்து ஜெபிக்கக் கேட்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். ஜெபம் முடிந்தவுடன் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஐயா, இதற்குப் பாலிஷ் எப்போது போடலாம்?” பல ஆண்டுக் கடனில், இரவு ஷிப்டின் ஓவர்டைம் பணத்தில் வாங்கிய பொருளைப் பேண நினைப்பதில் குறையொன்றும் இல்லை. ஆகவே இந்த வாரம் அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். புதுக் காருக்குப் பாலிஷ் வேண்டாம், வாக்ஸ் போதும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே குழப்பத்துக்குக் காரணம். பாலிஷ் என்பது மிக நுண்ணிய அரத்தூள் கலந்த பசை. அது மேற்பரப்பைச் சிறிது சிறிதாகச் சீவி எடுத்துக் கீறலை மறைக்கிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்கிறது. அதில் பெயர்பெற்ற கார்னாபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் ஓலையிலிருந்து கிடைப்பது. பனங்காட்டுக்கு அருகே வாழும் நமக்கு இது வியப்பளிக்காது.

சீவி எடுப்பதற்கு அங்கே இருப்பதுதான் எவ்வளவு? தொழிற்சாலையில் காரின் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, கடைசியாகக் ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற பூச்சு என அடுக்கடுக்காய் இடுகிறார்கள். எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். பெரும்பாலோரின் தலைமயிரைவிட மெல்லியது. வெயிலைத் தாங்குவதும் பளபளப்பதும் அதுவே. பழைய அம்பாசடரைத் தேய்த்தவர்களுக்குத் துணியில் காரின் நிறமே ஒட்டியது நினைவிருக்கும். அக்காலத்து வண்டிகளுக்கு மேலே இந்த நிறமற்ற அடுக்கு கிடையாது. நிறப் பூச்சையே தேய்த்து மெருகேற்றினார்கள். நம் திருவள்ளூரில் 1998ஆம் ஆண்டு முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை மிட்சுபிஷி லேன்சர் கார்களை உருவாக்கத் தொடங்கியபோது காலம் மாறிவிட்டிருந்தது. ஆனால் தேய்க்கும் பழக்கம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டேயிருக்கிறது.

“புதுப் பெயிண்ட் ஆறுவதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். அந்த எச்சரிக்கை பட்டறையில் மறுபடியும் பெயிண்ட் அடித்த பாகத்துக்கு உரியது. தொழிற்சாலைப் பூச்சு ஏறக்குறைய 140 டிகிரி வெப்பமுள்ள சூளையில் வெந்து இறுகியே வெளிவருகிறது. முதல் வாரத்திலேயே வாக்ஸ் இடலாம்.

இனி நம் ஊரின் காரியத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. அங்கிருந்து பறந்துவரும் இரும்புத் துகள் பூச்சின்மேல் குத்தி நின்று, பனியில் துருப்பிடித்து, செம்புள்ளியாகிறது. வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கழுவிய பானட்டின்மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். மணற்காகிதம் போல் உரசினால் துகள் ஏறியிருக்கிறது என்று அறியலாம். அதைத் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். இரும்பைக் கரைக்கும் திரவம் கார்ப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. தெளித்ததும் துகள் இருக்குமிடம் ஊதா நிறமாகிக் கரைந்து வழியும். உலரவிடாமல் நீரால் கழுவிவிட வேண்டும்.

தண்ணீரும் ஒரு சோதனைதான். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து ஆண்டுகள் பலவாயின. அத்தகைய உப்புநீரை ஊற்றி வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் படிந்துவிடும். நல்ல தண்ணீர் அருமையான இடங்களில் காருக்கு ஒரு லாரித் தண்ணீரைக் கேட்பதும் முறையாகாது. இரண்டு வாளி போதும்: ஒன்றில் கார் ஷாம்பூ நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். மழைநீரைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கிறோமே, அதுதான் எல்லாவற்றிலும் கேடானது. வெயிலில் தெரியும் சிலந்தி வலை போன்ற கீறல்களில் பெரும்பகுதி நாமே உண்டாக்கியவை. பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய பனியனும் வேண்டாம். தரையில் விழுந்த துணியை மறுபடி எடுக்கவே வேண்டாம்.

வாக்ஸ் இடும் முறை எளியது. நிழலில் நிறுத்துங்கள், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மெல்லிய பஞ்சில் சிறிதளவு எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கதவு அல்லது ஒரு பக்கம் என்று, இருப்பதே தெரியாத அளவுக்குப் பரப்புங்கள். அடர்த்தியாகப் பூசினால் கூடுதல் பயன் இல்லை; துடைப்பதுதான் கடினமாகும். சில நிமிடங்களில் மங்கலாகப் பூத்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை எளிதில் போகாது. மழைநீர் முத்துமுத்தாய் உருளாமல் தட்டையாகப் படரத் தொடங்கினால் மீண்டும் இடும் வேளை வந்துவிட்டது. நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்துக்குள் நேரலாம்.

டெலிவரி நாளன்றே பல்லாயிரம் ரூபாய்க்குக் ‘கோட்டிங்’ விற்பார்கள். பூசும் பொருள் எது, எத்தனை மாதம் நிற்கும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தப் பணத்தைத் தவணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், பிரியமானவர்களே. பானட்டில் உரசுகிற அந்தத் துகள் கார்மேல் மட்டும் விழுவதில்லை. மொட்டை மாடியில் உலரும் வற்றல்மீதும் தொட்டிலின் கொசுவலைமீதும் அதே காற்றுதான் வீசுகிறது. உலையருகே நின்று வேலை செய்யும் நம் சகோதரர்கள் அதைப் பன்மடங்கு சுவாசிக்கிறார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத்தில் வடநாட்டிலிருந்து வந்தவர்கள், கேள்வி கேட்கும் நிலையில் இல்லாதவர்கள். ஆகவே வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செம்புள்ளிகளைக் கரைத்துவிடும் முன் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தத் தெரு, காற்று எந்தத் திசை, இரவா பகலா என்று குறித்து என்னிடம் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் மனுவில் அவற்றை இணைக்க விரும்புகிறேன். முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்கும்.