கத்திரி வெயிலை வீணாக்கலாமா? மண் நோயை விரட்டும் வெயில் - பூஞ்சை கூட்டணி

மே மாத வேடந்தாங்கல் வெறிச்சோடிக் கிடக்கும். பறவைகள் கிளம்பியிருக்கும். ஏரி வற்றியிருக்கும். மதுராந்தகம் பக்கம் தர்பூசணி அறுவடையும் ஓய்ந்திருக்கும். மிச்சம் இருப்பது கத்திரி வெயில் மட்டும்தான். நாம் திட்டித் தீர்க்கும் அந்த வெயில், காய்கறி விவசாயிக்குக் காசில்லாமல் கிடைக்கும் மருந்து.

மண்ணுக்குள் என்ன பிரச்சினை?

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள் முளைத்த சில நாளிலேயே கொத்தாகச் சாய்ந்து அழுகுவதைப் பார்த்திருக்கலாம். அது நாற்றழுகல். பித்தியம் போன்ற கிருமிகளின் வேலை. தர்பூசணிக் கொடி திடீரென வாடினால், ஃபியூசேரியம் பூஞ்சை காரணமாக இருக்கலாம். இவை மண்ணிலேயே குடியிருப்பவை. ஃபியூசேரியம் பயிரே இல்லாமல் பல வருஷம் தாக்குப்பிடிக்கும். இலையில் ஸ்பிரே அடித்து இதை ஒழிக்க முடியாது. அதனால்தான் மண்ணில் ரசாயனத்தை ஊற்றும் பழக்கம் வந்தது. சீசனுக்கு சீசன் செலவு.

வெயில் எப்படி மருந்தாகுது?

வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் எப்படி இருக்கும்? அதே டெக்னிக்தான். நிலத்தைக் கட்டியில்லாமல் உழுது, தண்ணி பாய்ச்சி, மெல்லிய பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். மேல்மண்ணின் சூடு திறந்த நிலத்தைவிட சுமார் 8 முதல் 12 டிகிரி வரை கூடும். பல நோய்க்கிருமிகள் இதில் செத்துப்போகும், தப்பியவை பலவீனமாகும்.

ஷீட் கறுப்பாக இருக்கக் கூடாது. நிறமில்லாத ஷீட்தான் வெயிலை உள்ளே விடும். ஈரமும் முக்கியம், ஈர மண்ணில்தான் சூடு ஆழமாக இறங்கும். இஸ்ரேலில் ஜேக்கப் கட்டான் குழுவினர் 1976-ல் வெளியிட்ட முறை இது. ‘கோடை உழவு கோடி நன்மை’ என்று சொல்லும் ஊருக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை.

அப்புறம் எதுக்கு பூஞ்சை?

சூடேறிய மண் காலி வீடு மாதிரி. நல்லவர் முதலில் குடியேறாவிட்டால் கெட்டவர் திரும்ப வந்துவிடுவார். அந்த நல்லவர்தான் டிரைக்கோடெர்மா. இந்தப் பூஞ்சை நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அதன் செல் சுவரைக் கரைத்துத் தின்னும்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை: ஹெக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து இட வேண்டும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம். கூடவே ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைக் கலந்தால் இதுவும் செத்துவிடும். போட்ட காசு வேஸ்ட்.

வேடந்தாங்கலுக்கு ஏன் அவசியம்?

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். அதனால்தான் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து, 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். 2022-ல் ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் பறவைகள் இரை தேடுவது சரணாலயத்துக்குள் மட்டும் இல்லை. சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும்தான். அந்த வயல்களில் ஊற்றும் ரசாயனத்தைக் குறைப்பதும் பறவைப் பாதுகாப்புதான்.

குறையே இல்லையா?

இருக்கு. கோரைக் கிழங்கு இதில் சாகாது. வேர்முடிச்சு நூற்புழு ஆழத்துக்குப் போய்த் தப்பலாம். ஏக்கர் கணக்கில் ஷீட் விரித்தால் செலவு எகிறும். கிழிந்த பிளாஸ்டிக் வயலிலேயே கிடந்தால் அது இன்னொரு தலைவலி.

அதனால் முழு வயலும் வேண்டாம், நாற்றங்காலில் தொடங்கலாம். கத்திரி தொடக்கத்தில் ஷீட் போட்டால் ஆனி பிறக்கும்போது எடுத்துவிடலாம். உடனே டிரைக்கோடெர்மா, பிறகு விதைப்பு. ஆடிப்பட்டத்துக்கு நோயில்லாத நாற்று ரெடி.

வேளாண் துறை செய்ய வேண்டியது மூன்றுதான்: ஏப்ரலுக்குள் ஷீட்டை மானியத்தில் கொடுப்பது, பயன்படுத்திய ஷீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது, கடையில் விற்கும் டிரைக்கோடெர்மா பாக்கெட்டில் பூஞ்சை உயிரோடு இருக்கிறதா எனப் பரிசோதிப்பது. வெயில் தன் வேலையை வருஷா வருஷம் சரியாகச் செய்கிறது. ஷீட் மட்டும் ஜூனில் வந்து சேர்ந்தால் பிரயோஜனம் இல்லை.