ஆராய்ச்சிக்கு அரசியல் ஆகாதா?

“படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு?” வீட்டிலும் வெளியிலும் எங்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. படித்துப் பேராசிரியராக உயர்ந்தவர்களையும் இக்கேள்வி விட்டபாடில்லை. அவர்கள் பெண்களுக்காகக் குரல் கொடுத்தால், “இவர் அறிஞரா, போராட்டக்காரரா?” என்று கேட்போர் உளர். இரண்டுமாக இருந்தால் என்ன குறை? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதில் பெரியவர்களோடு மாறுபடுகிறோம். பணிவோடுதான்!

நம் நாட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. டாக்டர் பூல்ரேணு குகா அதன் தலைவி. வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலாளராகப் பணியாற்றினார். டில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை லோத்திகா சர்க்காரும் அதில் இருந்தார். அப்போது நாடு விடுதலை பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அரசியல் சட்டம் சமத்துவம் வழங்கியிருந்தது. பிரதமர் நாற்காலியிலும் ஒரு பெண்ணே அமர்ந்திருந்தார். பெண்களின் குறை தீர்ந்தது என்றே படித்தவர்கள் பலரும் எண்ணியிருந்தனர்.

‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அக்குழுவின் அறிக்கை 1974-இன் இறுதியில் வந்தது. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தனர். 1971-இலோ 930 பேர்தாம்! மருத்துவமனைகள் பெருகின, பள்ளிகள் பெருகின; பெண்கள் மட்டும் குறைந்தனர். இந்த எண்களை யாரும் ஒளித்து வைக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கமே அச்சிட்ட மக்கள்தொகைக் கணக்கில் அவை கிடந்தன. “ஏன் குறைகிறோம்?” என்று உரக்கக் கேட்க ஆள் வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதற்குப் பெயர் அரசியல் என்றால், அந்த அரசியல் நமக்கு வேண்டும்.

சட்டமன்றங்களில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்றது குழுவின் பெரும்பான்மை. லோத்திகா சர்க்காரும் வீணா மஜும்தாரும் அதை ஏற்காமல் தங்கள் மறுப்பைத் தனியே எழுதினர். திரட்டிய உண்மைகளே தம் பழைய எண்ணத்தை மாற்றின என்றார் மஜும்தார். முடிவை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு எண்களைத் தேடப் போகிறவர் அறிஞர் அல்லர். அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். இங்கு நடந்தது அதற்கு நேர்மாறு. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்குமான சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது. கணக்கிட்டுப் பாருங்கள், அந்த அறிக்கைக்குப் பின் எத்தனை ஆண்டுகள்!

இன்னொன்று. ஏழைப் பழங்குடிப் பெண்ணொருத்திக்குக் காவல் நிலையத்திலேயே கொடுமை நேர்ந்தது. அவள் எதிர்த்ததற்கு உடலில் காயம் இல்லை என்பதைச் சுட்டி, 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினர். உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார். (இருவர் ஆண்கள் என்பதை எங்கள் அண்ணன் தம்பியர் கவனிக்க!) அஞ்சுவதற்கும் இசைவதற்கும் உள்ள வேறுபாட்டை அக்கடிதம் எடுத்துரைத்தது. 1980-இல் பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினர். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. வகுப்பறையில் சட்டம் கற்பித்ததோடு அந்நால்வரும் நின்றிருந்தால், அந்தத் தீர்ப்பின் பிழையை அவர்தம் மாணவர்கள் மட்டுமே அறிந்திருப்பர்.

அறிஞர்கள் கற்பிக்க மட்டும் போகவில்லை, கற்கவும் போனார்கள். 1980-இல் வீணா மஜும்தாரும் தோழியரும் மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் நிலமற்ற கூலிப் பெண்களைச் சந்தித்தனர். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் போகிறவர்கள் அவர்கள். அறிவுரையா கேட்டார்கள்? சொந்த ஊரிலேயே வேலை கேட்டார்கள்! பிறகு சங்கம் அமைத்து, கொடையாகக் கிடைத்த தரிசு நிலத்தில் டசர் பட்டுப்புழு மேயும் மரங்களை நட்டார்கள்.

இதையெல்லாம் பள்ளி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று நம் அருட்சகோதரியர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் மலரில் பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு பெரிய எழுத்தில் வருகிறது. அதில் எங்களுக்கும் பெருமைதான். ஆறாம் வகுப்பில் எங்களோடு பெஞ்சைப் பகிர்ந்து, பத்தாம் வகுப்புக்கு வராமலே போனவர்கள் அந்த விழுக்காட்டில் இல்லை. தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி நின்றாள். மில் வேலைக்கு ஒருத்தி போனாள். ஒருத்தியைப் பற்றிக் கேட்டால், “மாப்பிள்ளை பார்த்தாயிற்று” என்றார்கள். எத்தனை பேர், எந்த வகுப்பில், ஏன் நின்றார்கள் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வருகிற ஆண்டு மலரில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே, பெயர்களைத் தவிர்த்து, அந்தக் கணக்கும் வர வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால், கோடை விடுமுறையில் இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போய்க் கேட்டு எழுதிவர நாங்கள் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். எங்களை அனுப்பிவைக்க வேண்டியவர்கள் பெற்றோர்.