டிரோனின் சாய்வும் அலையின் வலிமையும்

ஆளின்றிப் பறக்கும் சிறு வானூர்தியை நம் நாட்டார் டிரோன் என்றே வழங்குகின்றனர். திருமணங்களிலும் திருவிழாக்களிலும் படம் பிடிக்கும் விந்தைப் பொருளாக அதனைக் கண்ட காலம் போய், உயிர்காக்கும் பணிக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறையின் முதல் டிரோன் பிரிவு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் நகரின் அடையாற்றுப் பகுதியிலேயே, அருணோதயா நகரில், தொடங்கப்பெற்றது. விரைந்து சென்று கண்காணிப்பன ஆறு, பளு சுமப்பது ஒன்று, நெடுந்தொலைவு செல்லும் இறக்கை விமானங்கள் இரண்டு, ஆக ஒன்பது ஊர்திகள் அப்பிரிவுக்கு அளிக்கப்பட்டன. கடலில் தத்தளிப்போருக்கு மிதவை கொண்டுபோய் இடுதலும் அவற்றின் பணிகளுள் ஒன்றென அப்போது கூறப்பட்டது. மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் அலைக்கு இரையாவோரைப் பற்றிய செய்தியைப் படித்தறிந்த நமக்கு இது மகிழ்ச்சி தருவதே.

இத்தகைய பணியில் ஊர்தியையும் அதனை ஓட்டுவோரையும் இணைப்பது கண்ணுக்குப் புலனாகாத வானலை. அவ்வலை குன்றினால் படம் மறையும். கட்டளை சென்று சேராது. அவ்வாறு நேருங்கால் பெரும்பாலோர் தூரத்தின்மேல் பழி சுமத்துவர். ஆற்றல் மிக்க கருவி வாங்கினால் எல்லாம் சீராகும் என்பர். தூரமும் ஒரு காரணமே என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும், ஊர்தி எப்பக்கம் திரும்பி எவ்வளவு சாய்ந்து பறக்கிறது என்பதே முதற்கண் ஆராய வேண்டுவது. டிரோன் ஓட்டிகளின் பயிற்சியில் அதுவே முதற்பாடமாதல் வேண்டும். இதுவே என் கருத்து.

முதலில் தூரத்தின் கணக்கைக் காண்போம். தடையற்ற வெளியில் தூரம் இருமடங்கானால் வந்து சேரும் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். ஆகவே, அனுப்பும் ஆற்றலை இரட்டித்தாலும் செல்லும் எல்லை ஏறத்தாழ 1.4 மடங்கே நீளும். எல்லையை இரட்டிக்க விரும்பினால் ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். மின்கலத்தைச் சுமந்து பறக்கும் சிறு ஊர்திக்கு இஃது எளிய செலவன்று. அரசு விதித்த வரம்பும் உண்டு.

இனிச் சாய்வின் கணக்கு. அலைகளை வீசவும் வாங்கவும் உதவும் கம்பியை ஆன்டெனா என்பர். டிரோன்கள் பெரிதும் கையாளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், அதற்கேற்ற எளிய ஆன்டெனா அதிற்பாதி, ஒரு விரல் அளவே. இக்கம்பி எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அலையை வீசுவதில்லை. உளுந்து வடை ஒன்றின் துளையில் ஓர் ஈர்க்கைச் செருகியதாக எண்ணுங்கள். ஈர்க்கே ஆன்டெனா, வடையே அலை பரவும் உருவம். பக்கங்களில் அலை செறிந்திருக்கும். ஈர்க்கின் நுனி நோக்கும் திசையில் துளையே எஞ்சும். கையிலுள்ள கருவியின் குச்சி ஆன்டெனாவை வானூர்தியை நோக்கி அம்புபோல் நீட்டுவோர் பலர். அவர்கள் அன்போடு நீட்டுவது வடையை அன்று, துளையைத்தான்! தட்டை ஆன்டெனா உடைய கருவிகளுக்கோ முகப்பையே ஊர்தியை நோக்கித் திருப்ப வேண்டும். தம் கருவி எவ்வகையது என்பதை அறியாது பறக்கவிடுதல், காற்றின் திசை அறியாது பாய் விரிப்பதை ஒக்கும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் கம்பி வீசும் அலை மேலுங் கீழுமாக அசையும். படுத்த கம்பி வீசுவது பக்கவாட்டில் அசையும். வாங்கும் கம்பியும் அதே போக்கில் அமைந்தால்தான் அலை முழுதும் அகப்படும். இவ்வுண்மை புதியதன்று. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்தபோது, புகைவண்டிக் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே ஈயத்தகடு செருகி, அதனையே கருவியாகக் கொண்டார். புத்தகத்தை ஒரு நிலையில் பிடித்தால் அலை ஊடுருவிச் செல்லும். திருப்பிப் பிடித்தால் தடைப்படும். அலையும் தூரமும் மாறவில்லை. புத்தகம் திரும்பிய ஒன்றே வேற்றுமை.

டிரோனும் இப்புத்தகம் போன்றதே. இரு கம்பிகளும் ஒத்து நின்ற நிலையிலிருந்து ஊர்தி பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தால் அகப்படும் வலிமை பாதியாகும். 60 பாகை சாய்ந்தால் நான்கில் ஒன்றாகும். அதாவது, ஊர்தி ஓரடியும் நகராமலே அதன் தூரம் இரட்டித்ததற்கு ஒப்பு. ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்துவிட்டாலோ நூறில் ஒரு பங்கே மிஞ்சுவதும் இயல்பு. அருகே பறக்கையில் இவ்விழப்பை உணரமாட்டோம். அலை மிகுந்திருப்பதால் வீண்செலவையும் தாங்கும். நெடுந்தொலைவிலோ கையிருப்பே சிறிது. ஆங்கு ஒரு சாய்வே தொடர்பை அறுத்துவிடும்.

எலியட்ஸ் கடற்கரைக்கு அப்பால் கடல்மேல் ஓர் இறக்கை விமானம் வட்டமிடுவதாகக் கொள்வோம். தியாகராய நகரில் மாடங்கள் மறைப்பதுபோல் ஆங்கு மறைப்பது யாதொன்றும் இல்லை. ஆயினும் வட்டமிட விமானம் ஒருபுறம் சாய்ந்தே ஆகவேண்டும். சாயும்போது அதன் வயிறு வட்டத்தின் வெளிப்புறம் நோக்கும். வயிற்றடியில் ஆன்டெனா இருப்பின், வட்டத்தின் ஒரு பாதியில் அது கரையைப் பார்க்கும். மறுபாதியில் கடலைப் பார்க்கும். அப்போது மின்கலமும் கரிநார் உடலும் கரைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே திரையாக நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் படம் மங்கினால் பழி தூரத்தினதன்று, சாய்வினது எனத் துணியலாம். வட்டத்தை அகலமாக்கிச் சாய்வைக் குறைத்தலே ஆங்கு மருந்து. அதற்குக் காசு வேண்டா.

தொடர்பு அறுந்தால் ஊர்தி தானே புறப்பட்ட இடத்துக்கு மீளும்படி அமைத்துள்ளனரே, கவலை எதற்கு என்பர் சிலர். அவ்வமைப்பு ஊர்தியைக் காக்கும். நீரில் மிதவைக்குக் காத்திருப்பவனைக் காக்குமா? கைப்பேசிக் கோபுரங்களின் வழியே இணைத்துக்கொள்ளலாமே என்பர் வேறு சிலர். நற்றுணைதான். ஆனால் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது இந்நகரின் பல பகுதிகளில் கைப்பேசிகள் ஊமையாயின என்பதை மறத்தல் தகாது. துணைகள் எல்லாம் கைவிடும் நாளிலேயே டிரோனின் உதவி மிகுதியும் வேண்டப்படும்.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. ஒன்று, அமைப்பு: ஒன்றுக்கொன்று குறுக்காக இரு ஆன்டெனாக்களை, உடல் ஒருங்கே மறைக்காத இடங்களில் பொருத்துதல், சுழன்று செல்லும் அலையைப் பயன்படுத்தினும் பக்கச் சாய்வால் நேரும் இழப்பு மிகக் குறையும். இரண்டு, சோதனை: நெடுந்தொலைவுப் பணிக்கு அனுப்பும் முன், ஊர்தியை ஒரே தொலைவில் நிறுத்தி நாற்புறமும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் வரும் வலிமையைக் குறித்து வைத்தல். மூன்று, பயிற்சி: சான்றிதழ் பெறுவோர் சட்டமும் வானிலையும் கற்பது போலவே, மைதானத்தில் இச்சோதனையைத் தம் கையாற் செய்து காணுதல்.

தமிழ் பயில்வோருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் வினவலாம். வயலில் மருந்து தெளிக்கும் உழவரும், கரையில் காவல் நிற்கும் காவலரும், நாளை இக்கருவியை ஏந்தப் போகும் மீனவ இளைஞரும் தமிழிலேயே எண்ணுகின்றனர். கையேடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ‘ஆன்டெனாவின் நுனியைக் காட்டாதே, பக்கத்தைக் காட்டு’ என்ற ஒரு சிறு வாக்கியம் அவர் மொழியில் அவர் கைக்கு எட்டாதிருப்பது நம் குறையன்றோ? குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவரின் தக்ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ டிரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அறிவுக்கு இங்குப் பஞ்சமில்லை. அதனை எளிய தமிழில் எடுத்துரைப்போரே வேண்டும். நம் கல்லூரியின் பௌதிக மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கு அமர்ந்து, படங்களோடு கூடிய சிறு கையேடு ஒன்றை இவ்வாண்டிலேயே ஆக்கலாம். தூரத்தைக் குறைத்தல் நம் கையில் இல்லை. ஊர்தியைத் திருப்பும் அறிவை ஊட்டுதல் நம் கையில் உள்ளது.