மரநாயும் மரநடு விழாவும்

“மலைக்காட்டில் இரவில் திரியும் மரநாயைப் பற்றி மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கென்ன கவலை, சாமி?” மரநடு விழாவொன்றில் நான் பேசி முடித்ததும், கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்து வைத்தேன். அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன்.

நம் ஊர் ஓட்டுவீட்டு மச்சுகளில் ஓடும் மரநாயை அனைவரும் அறிவோம். நான் சொன்னது அதன் உறவினமான பழுப்பு மரநாயை. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. அன்றைய மதுரை மாவட்டத்துக் கொடைக்கானலில் கிடைத்த உயிரியைக் கொண்டுதான் 1885-இல் பிளான்போர்டு என்னும் அறிஞர் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார்.

ஊனுண்ணிக் குலத்தில் பிறந்தும் அது பெரிதும் பழந்தின்றே வாழ்கிறது என்பதைக் களக்காடு – முண்டந்துறைக் காடுகளில் ஆய்ந்த திவ்யா முடப்பா கண்டறிந்தார். பகலில் முதுமரப் பொந்துகளிலும், மலையணில் கூடுகளிலும், கொடிப் பின்னல்களிலும் உறங்கும். இருட்டியபின் தனியே கிளைவழி நடக்கும். விழுங்கிய பழத்தின் விதை சிதையாமல் எச்சத்தோடு வேறோரிடத்தில் விழும். சிறு பறவைகளால் விழுங்க இயலாத பெருவிதைகளும் அவற்றுள் உண்டு. அழைப்பிதழும் புகைப்படமும் இல்லாத மரநடு விழா!

நாம் நட்டவை எவை? பழனி மலையின் உயரங்களில் வாட்டில், யூகலிப்டஸ், பைன். காப்பித் தோட்டங்களிலோ நிழல்தந்த நாட்டு மரங்களை வீழ்த்திவிட்டுச் சில்வர் ஓக். அதில் மிளகுக்கொடி ஏறும், தடிக்கு விலையும் கிடைக்கும். மரநாய்க்குத் தின்ன ஒரு பழம் கிடைக்காது. பொந்துவைத்த கிழமரத்தை விறகென்று மட்டுமே காண்கிறது நம் கண்.

காப்பிப் பழத்தைத் திருடுகிறதே என்றார் நண்பர். தின்பது சதையை, கொட்டையை அது உமக்கே விட்டுச் செல்கிறது. இந்தோனேசியாவில் அக்கொட்டைக்காகவே மரநாய்களைக் கூண்டிலடைத்துக் காப்பிப் பழம் ஊட்டுகின்றனர். அந்த வணிகம் நமக்கு வேண்டாம். மனிதனுக்கு ஆளும் உரிமை உண்டென்று தொடக்கநூலையும் துணைக்கழைத்தார். தோட்டத்தைக் காக்கும் கடமையும் அதே நூலில், அடுத்த அதிகாரத்திலேயே இருக்கிறது.

நமக்கென்ன என்ற கேள்விக்கு வருகிறேன். வராக நதியும் மஞ்சளாறும் பழனி மலைச் சரிவில் பிறந்தே வைகையில் கலக்கின்றன. அச்சரிவின் சோலை மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுகிறது. அச்சோலைக்கு விதைப்பவனைத்தான் நாம் திருடன் என்கிறோம்.

தோட்டமுள்ள பங்குமக்களிடம் நான் கேட்பது சிறிதே: அத்தி, ஆல், பலா மரங்களையும் பொந்துள்ள முதுமரங்களையும் வெட்டாதீர்கள்.

அடுத்த விழாவுக்குச் சில்வர் ஓக் நாற்றுகள் நூறு தருவதாக அந்த நண்பர் சொல்லியனுப்பினார். வேண்டாமென்று எழுதிவிட்டேன்.