வாய்க்கு முன்னால் காது!



'டிவி'யில் ஊர் ஊராகச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சிகள் பார்ப்பீர்கள்தானே? மலை உச்சியில் நின்று, "வாவ்... சூப்பர்... என்ன அழகு!" என்று அரை மணி நேரம் கத்துவார் ஒருவர். அழகாக இருப்பதுதான் நமக்கே தெரிகிறதே! அங்கே வாழ்பவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள்? மூச்!

என்னைக் கேட்டால், நல்ல தொகுப்பாளருக்கு முதலில் வேண்டியது காது. வாய் அப்புறம்தான்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பாலின் அப்படிப்பட்டவர். நகைச்சுவை நடிகராக இருந்தவர். ஜூல்ஸ் வெர்ன் எழுதிய, 80 நாளில் உலகைச் சுற்றும் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அதேபோல விமானம் ஏறாமல் சுற்ற முடியுமா என்று பார்க்க, 1988 செப்டம்பரில் லண்டனில் இருந்து கிளம்பினார். 80 நாட்களுக்குள் திரும்பியும் விட்டார். 1989ல் பி.பி.சி., அதை ஒளிபரப்பியது.

துபாயில் இருந்து மும்பைக்கு அவர் வந்தது ஒரு மரக்கப்பலில். தூத்துக்குடித் தோணி பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அது மாதிரி. மாலுமிகள் குஜராத்காரர்கள். ஏறக்குறைய ஒரு வாரம், சுற்றிலும் கடல்தான். காட்டுவதற்குக் கோட்டையும் இல்லை, அருவியும் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் இரண்டே நிமிடத்தில் முடித்திருப்பார்!

இவரோ அந்த மாலுமிகளையே காட்டினார். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டார், மேல்தளத்தில் படுத்தார். வயதான மாலுமி ஒருவரின் காதில் தன் 'வாக்மேனை' மாட்டி, அமெரிக்கப் பாட்டு கேட்க வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக மொழியே கிடையாது! அந்தத் தொடரில் பலருக்கும் பிடித்த பகுதி இந்தக் கப்பல் பயணம்தான்.

சிரிக்க வைக்கக் கூடாதா? தாராளமாக வைக்கலாம். ஆனால், யாரைப் பார்த்து? வேற்றூர்ச் சாப்பாட்டைக் கண்டு, "உவ்வே" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். சமைத்த அம்மா பக்கத்திலேயே நிற்பார். பாலின் பெரும்பாலும் தன்னைத்தான் கிண்டல் செய்துகொள்வார்.

20 ஆண்டு கழித்து, 2008ல், அந்த மாலுமிகளைத் தேடி மறுபடியும் இந்தியா வந்தார். குஜராத்தில் அவர்களைக் கண்டுபிடித்துச் சந்தித்தார்.

அடுத்த முறை பயண நிகழ்ச்சி பார்க்கும்போது நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பாளர், "நான்... நான்..." என்றது எத்தனை தடவை? உள்ளூர்க்காரர் எத்தனை பேரின் பெயரைக் கேட்டார்? இரண்டையும் எண்ணி, நீங்களே மார்க் போடுங்கள். நானும் போடுகிறேன். என் கையில் 'பாஸ்' வாங்குவது கொஞ்சம் கஷ்டம்தான்!